சாவி யார் கையில்: செங்கம் சாலையை முன்வைத்து ஓட்டுநர் ஷரத்து குறித்த ஒரு பூர்வாங்க ஆய்வு

திருவண்ணாமலையில் மலைக்குப் புராணம் உண்டு. கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்களுக்கும் தலவரலாறு உண்டு. ஆனால் ரமணாசிரமத்துக்கு எதிரே, செங்கம் சாலையோரம் நிற்கும் டிஎன் 25 எண்ணுள்ள ஒரு பழைய ஆல்ட்டோவின் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பவருக்கும், அதன் இன்சூரன்ஸ் பாலிசியில் பெயர் உள்ளவருக்கும் என்ன உறவு என்று ஆராய்ந்த நூல் ஒன்றுகூட இல்லை. அக்குறையைப் போக்கும் பொறுப்பை, வேறு யாரும் கேட்டுக்கொள்ளாத நிலையில், இவ்வாய்வாளர் தாமே ஏற்றுக்கொண்டார்.

இது ஒரு பிரச்சினை என்பதே மேல்நாட்டுக் கண்களுக்குத்தான் முதலில் தெரிகிறது. பனிக்காலத்தில் இப்பகுதியில் வீடு பிடித்துத் தங்கும் வெளிநாட்டு அன்பர், உள்ளூர் நண்பர் சாவியை நீட்டினால், “பாலிசியில் என் பெயர் இருக்கிறதா?” என்று கேட்பார். நண்பர் திகைப்பார். அன்பரின் கேள்வியில் நியாயம் உண்டு. இங்கிலாந்தில் காரை யார் யார் ஓட்டுவார்கள் என்று பெயர், வயது, முந்தைய விபத்து எல்லாம் எழுதிக்கொடுக்க வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டினால் சிக்கல். யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்ற பாலிசியும் அங்கே கிடைக்கும். விலை கூடுதல், அதிலும் இருபது வயதுப் பிள்ளைகளைப் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். பையன் ஓட்டும் காருக்கு அப்பாவை முதன்மை ஓட்டுநராகக் காட்டுவது அங்கே மோசடி. இங்கே அது குடும்பம்.

நம்மூரில் இன்சூரன்ஸ் ஆளைப் பார்ப்பதில்லை, வண்டியைப் பார்க்கிறது. எத்தனை சிசி, எத்தனை வருஷ வண்டி, என்ன மதிப்பு, எந்த மண்டலம் என்று கேட்கும். சென்னை ‘ஏ’ மண்டலம், திருவண்ணாமலை ‘பி’. ஓட்டப்போவது அறுபது வயது நிதானஸ்தரா, நேற்று லைசென்ஸ் வாங்கிய மச்சினனா என்பது பற்றி அதற்குக் கவலையில்லை. உரிமையாளர் உள்பட எவரும் ஓட்டலாம். செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும், அது ரத்தாகியிருக்கக் கூடாது. ஓட்டுநர் ஷரத்தின் சாரம் இவ்வளவுதான்.

இந்த ‘எவரும்’ என்ற மகாசமுத்திரத்தில் அடங்குவோரைக் களத்தில் கண்டோம். பௌர்ணமிக்குக் குடும்பத்தைக் கூட்டிவந்த ஆக்டிங் டிரைவர். எல்எல்ஆர் போட்டு, பக்கத்தில் லைசென்ஸ் உள்ள சித்தப்பாவை உட்காரவைத்து ஓட்டும் கல்லூரி மாணவி. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியோடு வந்த மேற்சொன்ன அன்பர். அனைவரும் உள்ளே. பத்தாம் வகுப்புப் பையன் மட்டும் வெளியே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அவன் ஓட்டி அகப்பட்டால் வண்டிக்காரருக்கோ காப்பாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும்.

‘எவரும்’ என்பதன் எல்லையை நீதிமன்றங்கள் நெடுங்காலமாகத் தோண்டிவருகின்றன. 1987இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஸ்கேண்டியா வழக்கில், லாரி டிரைவர் சாவியை வண்டியிலேயே விட்டு, எதிர்க்கடையில் நொறுக்குத்தீனி வாங்கப் போனார். கிளீனர் ஓட்டிப் பார்த்தார், விபத்து. கிளீனருக்கு லைசென்ஸ் இல்லையே என்றது கம்பெனி. உரிமையாளர் தெரிந்தே செய்த தவறல்ல, பணத்தைக் கட்டு என்றது நீதிமன்றம். நொறுக்குத்தீனி இந்தியக் காப்பீட்டுச் சட்டத்துக்குச் செய்த தொண்டு தனி ஆய்வுக்குரியது. 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் இது மேலும் தெளிவாயிற்று: உரிமையாளர் கவனக்குறைவாக இருந்தார் என்பதைக் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும்.

அடிபட்டவருக்கு இத்தனை பரிவு. ஓட்டியவரே அடிபட்டால்? இங்கேதான் ஆய்வுக் களமாக ரமணாசிரம வாசலைத் தேர்ந்தது பலன் தருகிறது. 2009இல் நிங்கம்மா வழக்கு: ஒருவர் பைக்கை இரவல் வாங்கிப்போய் மாட்டுவண்டியில் மோதி இறந்தார். இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்துக்கே வந்துவிடுகிறார். ஆகவே மோட்டார் வாகனச் சட்டத்தின் 163-ஏ பிரிவின்படி அவருக்கு நஷ்ட ஈடு இல்லை என்றது உச்ச நீதிமன்றம். இரண்டாகத் தோன்றியவர்கள் ஒன்றே என்ற இந்த முடிவு சுத்த அத்வைதம்.

பாலிசியோ துவைதி. ஓட்டும் உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு, சென்னை உயர் நீதிமன்றத்தின் 2017 தீர்ப்பின் தூண்டுதலால் மறு ஆண்டில் 15 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. அது ஆர்சி புத்தகத்தில் பெயருள்ளவருக்கு என்றே பாலிசி சொல்கிறது. 2020இல் ராம்கிலாடி வழக்கில் மறுபடி அத்வைதம் பேசப்பட்டது. இரவல்காரர் உரிமையாளரே என்றால் உரிமையாளருக்குரிய காப்பீடும் அவருக்குத்தானே? அந்தப் பாலிசியில் இருந்த 1 லட்சம் ரூபாய் அவர் குடும்பத்துக்குக் கிடைத்தது. அத்வைதத்தால் ஒரு குடும்பம் ரொக்கமாகப் பயனடைந்ததற்கு, எமக்குத் தெரிந்தவரை, வேறு சான்று இல்லை.

யார் ஓட்டினார் என்று கேட்காத பாலிசி, எதற்காக ஓட்டினார் என்று கேட்கும். தீபத் திருவிழா முடிந்ததும் வெள்ளை போர்டு காரில் நான்கு பேரை ஏற்றி, “டீசல் காசு மட்டும் குடுங்க சார்” என்று மீனம்பாக்கம் வரை போகிறவர் கவனிக்க. சொந்த காருக்கான பாலிசி வாடகை ஓட்டத்துக்குப் பொருந்தாது. டீசல் காசு எந்த கிலோமீட்டரில் வாடகையாகிறது என்பதை சர்வேயர் தீர்மானிப்பார். அவர் டீசல் விலை தெரிந்தவர்.

கர்மக் கோட்பாட்டின் நிலைமை இதைவிடக் கவலைக்கிடம். ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் 50 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ். இந்த ஒன்று மட்டும் வண்டியைச் சேராது, ஆளைச் சேரும். காரை விற்றாலும் கூடவே வரும் புண்ணியம். மச்சினன் ஒரு சாயங்காலம் காரை வாங்கிப்போய், அத்தியந்தல் பக்கம் புளியமரத்தில் சாத்துகிறான் என்று வைத்துக்கொள்வோம். கிளெய்ம் போட்டால் கரைவது மாமனின் புண்ணியம். மச்சினனுக்கு ஒரு சதவீதமும் குறையாது. செய்தவன் ஒருவன், அனுபவிப்பவன் இன்னொருவன் என்பதை எந்த சாஸ்திரமும் ஒப்பாது, பாலிசி ஒப்புக்கொள்கிறது. போனஸுக்கென்று தனியாகக் காப்பு வாங்கலாம், அதற்கும் பிரீமியம் உண்டு.

இது குறித்துக் கேட்டால் மச்சினன்மார் அனைவரும் ஒரே குரலில் கூறுவது: “வண்டிக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்குல்ல மாமா?”