டோக்கனும் அதன் வரிசையும்: மாலை நேரக் கிளினிக் குறித்த ஓர் ஆய்வு

டோக்கன் என்பது, டாக்டரைப் பார்க்க வந்தவர் இன்னும் பார்க்கவில்லை என்பதற்கு வழங்கப்படும் அத்தாட்சி. பித்தளை வில்லையாகவோ, துளையிட்ட பிளாஸ்டிக் வட்டமாகவோ, மருந்துக் கம்பெனி கொடுத்த அட்டையைக் கத்தரித்து ஸ்கெட்ச் பேனாவால் எண் எழுதிய துண்டாகவோ இது அமையும். கடைசி வகையில் ஒரு பக்கம் எண்ணும், மறுபக்கம் ஏதோ ஓர் இருமல் மருந்தின் பாதிப் பெயரும் காணப்படும். 17 என்று எழுதியிருந்தால் அதை வைத்திருப்பவர் பதினேழாவது ஆளாக உள்ளே போவார் எனக் கொள்வது இத்துறைக்குப் புதியவர்களின் பிழை. பதினாறு பேருக்கு முன்னால் அவர் போக மாட்டார் என்பதற்கு மேல் அந்த எண் எதையும் உறுதி கூறுவதில்லை.

டோக்கன் பெறும் வழிகள் இரண்டு. நேரில் போய்ப் பெயர் கொடுப்பது பழைய வழி. போனில் போடுவது புதியது, ஆனால் கடினமானது. "காலைல ஏழு மணிக்குப் போன் பண்ணுங்க" என்று சொல்லப்பட்ட அனைவரும் சரியாக ஏழு மணிக்கே பண்ணுகிறார்கள். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஆக்னர் எர்லாங் என்ற கணித அறிஞர், 1909-இல் தொலைபேசி அழைப்புகள் வந்துசேரும் விதத்தை நிகழ்தகவுக் கணக்குக்குள் கொண்டுவந்தார். எல்லா இணைப்புகளும் நிரம்பியிருக்கையில் எத்தனை அழைப்புகள் திருப்பப்படும் என்பதற்கு 1917-இல் சூத்திரமும் தந்தார். ஒருவர் அழைப்பதற்கும் இன்னொருவர் அழைப்பதற்கும் தொடர்பில்லை என்பது அவர் கொண்ட அடிப்படை. ஒரே லைனை வைத்துக்கொண்டு, ஒரு தெருவே கடிகாரத்தைப் பார்த்தபடி பொத்தானை அழுத்தும் நிலையை அவர் எண்ணிப் பார்த்திருக்க நியாயமில்லை. ஏழு மணி பத்து நிமிடத்துக்கு லைன் கிடைத்தால் 31-ஆம் எண் கிடைக்கும். முதல் ஐந்து எண்கள் யாருக்குப் போயின என்பது எப்போதும் வெளிவருவதில்லை.

அடுத்து, டாக்டர் வரும் நேரம். பலகையில் 'மாலை 6 – 9' என்றிருக்கும். அரசு மருத்துவர்கள் பணி நேரத்துக்குப் பிறகு சொந்தமாகக் கிளினிக் நடத்தத் தமிழ்நாட்டில் தடையில்லை என்பதால், மாலை நேரமே இத்தொழிலின் உச்ச காலம். பஞ்சாங்கமும் இதற்கு இசைவாகவே இருக்கிறது: வாரத்தின் ஏழு ராகு காலங்களில் ஒன்றுகூட ஆறு மணிக்கு மேல் நீள்வதில்லை; ஞாயிறன்று மட்டும் நாலரைக்குத் தொடங்கி ஆறுக்கு முடிகிறது. ஆகவே தாமதத்துக்குக் கிரகங்கள் பொறுப்பல்ல. "கிளம்பிட்டாங்க" என்றால் டாக்டர் வீட்டில் இருக்கிறார். "வந்துட்டே இருக்காங்க" என்றால் கிளம்பப் போகிறார். "வர்ற நேரந்தான்" என்றால் டோக்கன் கொடுக்கும் மேசையில் இருப்பவருக்கும் தெரியாது. சுவரோரம் ஊதுபத்தி கொளுத்தப்படுவதே நம்பத்தகுந்த அறிகுறி.

கணக்கு எளியது. நாற்பது டோக்கன், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் 200 நிமிடம். பலகை அனுமதிப்பதோ 180. டாக்டர் 6.45-க்கு உட்கார்ந்தால், நாற்பதாம் எண்ணின் முறை பத்து மணிக்கு வரும். அதுவும் வரிசை கலையாதிருந்தால். பிரிட்டிஷ் புள்ளியியல் அறிஞர் நார்மன் பெய்லி, மருத்துவமனை வெளிநோயாளிப் பிரிவுகளை ஆராய்ந்து 1952-இல் ஒரு யோசனை சொன்னார்: டாக்டர் தொடங்கும்போது இருவர் தயாராக இருக்கட்டும், பிறகு சராசரிப் பரிசோதனை நேரத்துக்கு ஒருவராக வரட்டும். டாக்டரும் சும்மா இருக்க மாட்டார், நோயாளியும் அதிகம் காத்திருக்க வேண்டாம். நம் கிளினிக்குகள் இதன் முதல் பாதியைக் குறைவறக் கடைப்பிடிக்கின்றன. எல்லோரையும் ஆறு மணிக்கே வரச் சொல்லிவிட்டால் டாக்டர் ஒரு நொடியும் சும்மா இருக்க நேராது.

காத்திருப்போர் கூட்டத்தை ஜான் லிட்டில் என்ற அறிஞர் 1961-இல் நிறுவிய வரிசை விதியால் அளக்கலாம். எல்லோரும் ஒன்றாக வராமல் ஐந்து நிமிடத்துக்கு ஒருவராக வந்தாலும், சராசரியாக 90 நிமிடம் காத்திருந்தால், எந்த நேரத்திலும் சராசரியாகப் பதினெட்டுப் பேர் காத்திருப்பார்கள். நாலு பேர் அமரும் பெஞ்சு மூன்றுதான். மீதி ஆறு பேர் வாசலில் நிறுத்திய வண்டிகளின் சீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். வண்டி அவர்களுடையதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. துணைக்கு வந்தவர்களை இந்த விதி கணக்கில் எடுக்கவில்லை. ஒரு காய்ச்சல்காரக் குழந்தையுடன் தாய், பாட்டி, சித்தி ஆகிய மூவர் வருவது சாதாரணம்.

இனி வரிசைக்கு வெளியே நுழைவோர். உண்மையான அவசரம் இதில் சேராது: மூச்சு வாங்கும் குழந்தையும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவரும் முதலில் போவதே முறை, அதற்கு எந்தப் பெஞ்சிலும் எதிர்ப்பில்லை. ஆய்வுக்குரியவர்கள் மற்றவர்கள். "ரிப்போர்ட் மட்டும் காட்டணும்" என்பவர் இவர்களில் தலையாயவர். காட்டி முடித்ததும் தலைசுற்றல், முழங்கால், மாமியாரின் சர்க்கரை எனப் பேச்சு விரியும். "ஊசி மட்டுந்தான்" என்பவர் எண்ணிக்கையில் அடுத்தவர். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி தோள்பையோடு கதவருகே நிற்பார். மூன்று நோயாளிக்கு ஒருவராக உள்ளே விடப்படுவார். டாக்டருக்குத் தெரிந்தவர் என்பது அபாயமான வகையல்ல, ஏனெனில் டாக்டர் பெரும்பாலும் அவரை மறந்திருப்பார். மேசையில் இருக்கும் அக்காவுக்குத் தெரிந்தவரே உண்மையில் தெரிந்தவர்.

டோக்கன் முறையின் ஆட்சி அதிகாரம் முழுவதும் அந்த மேசையில்தான் குடிகொண்டுள்ளது. நோட்டில் 12-க்கும் 13-க்கும் இடையே '12அ' என்ற எண்ணைப் படைக்கவும், கூப்பிட்டபோது டீக்கடையில் இருந்த 14-ஐ 22-க்குப் பின்னால் தள்ளவும் அவருக்கு உரிமை உண்டு. "எத்தனாவது நம்பர்க்கா போகுது?" என்ற கேள்வியை ஒரு மாலையில் நூறு தடவை கேட்டபின்னும் அவர் பதில் சொல்கிறார் என்பதைக் குறை கூறுவோர் கவனிக்க வேண்டும். வாங்கும் சம்பளத்துக்கு அவர் செய்வது அதிகம். திரையில் எண் ஒளிரும் கருவி வாங்கிய கிளினிக்குகளிலும் அந்தக் கேள்வி நிற்கவில்லை. திரை சொல்வதை அவர் ஆமோதிக்க வேண்டியிருக்கிறது.

பரிசோதனை பற்றி எழுத அதிகமில்லை. நாக்கு, நெஞ்சு, பிரஷர், சீட்டு, முடிந்தது. ஆனால் எழுந்திருக்கும்போது டாக்டர் சொல்லும் ஒரு வாக்கியம் இந்த ஆய்வுக்கு முக்கியமானது: "ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு மூணு நாள் கழிச்சு வாங்க, டோக்கன் போட வேணாம், நேரா வந்து காட்டுங்க." ஒன்றரை மணி நேரமாக ரிப்போர்ட்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்த 17-ஆம் எண்காரர், நான்காம் நாள் மாலை கையில் கவருடன் கதவருகே நின்று, "ரிப்போர்ட் மட்டும் காட்டணும்" என்கிறார். பெஞ்சில் இருப்பவர்கள் அவரைப் பார்க்கும் பார்வையை அவர் பொருட்படுத்துவதில்லை. பழைய சீட்டைக் கொண்டுவர மறந்திருந்தால் மட்டும் புது டோக்கன் போட வேண்டும்.