இறால் ஓட்டுக்குள் நாலு கிரவுண்டு!

கேள்வி: இறால் ஓட்டிலிருந்து மின்சாரம் சேமிக்கும் கரி செய்யலாமாமே, நிஜமா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: நிஜம்தான். ஓட்டிலுள்ள கைட்டினில் கார்பனோடு கிட்டத்தட்ட 7 சதவீதம் நைட்ரஜனும் உண்டு. காற்றுப் படாமல் 700, 800 டிகிரியில் சுட்டால் கரியாகிவிடும். (வீட்டு வாணலியில் முயல வேண்டாம். கரி வருகிறதோ இல்லையோ, பக்கத்து வீட்டார் வந்துவிடுவார்கள்.) ஓட்டில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தை அமிலம் விட்டுக் கரைத்தால், அது இருந்த இடமெல்லாம் பொடிப்பொடித் துளைகள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்து மறுபடி சூடேற்றினால் துளைகள் பெருகி, ஒரே கிராம் கரிக்குள் 1,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு கிடைக்கும். சென்னைக் கணக்கில் நாலு கிரவுண்டுக்கு மேல், பத்திரச் செலவே இல்லாமல்! மின்சாரத்தைச் சேமிக்கும் கருவியான சூப்பர் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் குடியேறுவது அந்தப் பரப்பில்தான். ஆனால், சுண்ணாம்பைக் கரைத்தபின் மிஞ்சும் அமிலக் கழிவுநீருக்கு மலிவாக ஒரு வழி பிறக்கும்வரை, இது பெரும்பாலும் ஆய்வகச் சரக்குதான்.