அண்டர் ரிவ்யூ

தேனி மாவட்டத்துக்காரர்களுக்குப் பொறுமை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அகலப்பாதை போடுகிறோம் என்று 2010 கடைசியில் மதுரை - போடி ரயிலை நிறுத்தினார்கள். அது தேனிக்குத் திரும்பி வந்தது 2022 மே மாதம். அடுத்த நிறுத்தமான போடிக்கு வர இன்னும் ஒரு வருஷம் ஆனது. வந்த ரயிலுக்கு மாலை போட்டோமே தவிர, இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை.

ஆகவே அம்மாவின் பாஸ்போர்ட் தாமதமானதில் எனக்கு வருத்தமே கிடையாது. எங்கே நிற்கிறது என்று ஒருவராவது சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

அம்மாவுக்குத் தெரிந்த ஒரே வெளிநாடு கேரளத்து வண்டன்மேடு. கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் மலையேறிப் போய் ஏலத்தோட்டத்தில் பழம் எடுத்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவாள். எந்தத் தாளும் கேட்டதில்லை. இப்போது சிங்கப்பூரில் தங்கைக்குப் பிரசவம். டிக்கெட் போடுவதற்கு முன்பே லேகியம் கிண்டி டப்பாவில் அடைத்தாகிவிட்டது.

முன்பெல்லாம் எங்கள் பக்கத்தில் பாஸ்போர்ட் என்றால் திருச்சிக்கு பஸ் ஏற வேண்டும். 2017-லிருந்து தபால் நிலையங்களிலேயே சேவை மையம் திறந்துவருகிறார்கள். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். டோக்கன், போட்டோ, கைரேகை என்று வேலை விறுவிறுவென்று நடந்தது. 1,500 ரூபாய் கட்டணத்தில் அறுபது தாண்டியவர்களுக்குப் பத்து சதவீதம் கழிவு என்றதும், "ஆடித் தள்ளுபடியா தம்பி?" என்று அம்மா மலர்ந்துவிட்டாள். பிறந்த தேதியில்தான் கொஞ்சம் இடித்தது. பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்த மறுநாள் பிறந்தவள் அவள். நல்லவேளை, பள்ளிக்கூடத்து வாத்தியார் அந்தக் காலத்திலேயே ஒரு தேதியைப் போட்டு வைத்திருந்தார்.

பிறகு போலீஸ் விசாரணை. எங்கள் ஊர் கம்பம் என்றாலே வெளியூர்க்காரர்கள் கஞ்சாவை நினைத்து ஒரு மாதிரி கண்ணடிப்பார்கள். அந்த ஊரில் ஒரு வீட்டு வாசலில் காக்கிச்சட்டை பைக்கை நிறுத்தினால் என்ன ஆகும்? வந்தவர் தன்மையான மனிதர். மோர் வாங்கிக் குடித்தார், பக்கத்து வீட்டில் இரண்டு பேரிடம் கேட்டுக்கொண்டு கிளம்பினார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் அம்மாவின் பெயரில் வழக்கு பதிவாகிவிட்டது. சாயங்காலம் டீக்கடையில் ஜாமீன் வரைக்கும் பேசி முடித்திருந்தார்கள்.

தகவல் பரிமாற்றம் என்றால் அதுவல்லவா! எங்களுக்கோ செல்போனில் இரண்டே வார்த்தை வந்தது: அண்டர் ரிவ்யூ. இணையத்தில் பார்த்தாலும் அதே. உதவி எண்ணில் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் கிடைத்த பெண்மணி வெகு மரியாதையாக, "உங்கள் விண்ணப்பம் அண்டர் ரிவ்யூவில் இருக்கிறது சார்" என்றார். யார் பார்க்கிறார்கள், எதைப் பார்க்கிறார்கள்? அதுவும் அண்டர் ரிவ்யூ போலும். தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்கச் சொன்னார் ஒரு நண்பர். பத்து ரூபாய்தான், 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு விண்ணப்பம் எங்கே போனது என்று தெரிந்துகொள்ள இன்னொரு விண்ணப்பமா என்று யோசித்து நிறுத்திக்கொண்டேன்.

அப்பாவுக்குச் சுருளிப்பட்டியில் பன்னீர் திராட்சைத் தோட்டம். "கவாத்து பண்ணுன கொடி நாலு மாசத்துல பழம் குடுத்துருது. நடுவுல நோவு வந்தாலும் எலையப் பாத்தா சொல்லிப்புடும். இந்த ஆபீஸுக்கு எலையும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார்.

இதற்கிடையில் தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்தது. அங்குள்ள இந்திய ஹை கமிஷனில் எழுதிக் கொடுத்தார்கள், அவனுக்கு பாஸ்போர்ட் வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தாள். கழுத்து நிற்காத பயல், அரைக்கண்ணைத் திறந்துகொண்டு இந்தியக் குடியரசின் சார்பில் முறைக்கிறான்.

அம்மா போனைத் தூரமாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"ஏன்டா, இவனுக்கு போலீஸ் வந்து விசாரிச்சாங்களா? பக்கத்து வீட்ல ரெண்டு பேரு சாட்சி சொன்னாங்களாமா?"