பதினெட்டு நொடி மாவீரன்

ஒவ்வொரு தெருவிலும் ஒரு மாவீரன் குடியிருக்கிறான். பகலில் அவனை அடையாளம் கண்டுபிடிப்பது சிரமம். பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கக் கூச்சப்பட்டுக் கேட்காமலே இறங்கிவிடுவான். முனையில் நாய் நின்றால் அடுத்த தெரு வழியாகச் சுற்றி வருவான். ஆனால் இரவு பத்து மணிக்கு மேல், சார்ஜர் ஒயர் எட்டும் தூரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, எதிரி அணியின் நாலு பேரையும் தனியாளாகத் தீர்த்துக்கட்டுவான். அதற்கு அவனுக்குப் பதினெட்டு நொடி போதும். அந்தப் பதினெட்டு நொடியை ஊருக்குக் காட்டுவதற்குத்தான் மீதி வாரம் முழுக்கத் தேவைப்படுகிறது.

அவனைக் 'கிளிப் தம்பி' என்று அழைப்போம். தம்பி என்றதும் வயதைப் பார்க்க வேண்டாம். பத்தாம் வகுப்புப் பையனும் உண்டு. கைக்குழந்தையைத் தோளில் தட்டித் தூங்கவைத்தபடியே ரெக்கார்டு பண்ணும் குடும்பஸ்தரும் உண்டு. ஆடுவது போனில் ஓடும் துப்பாக்கிச் சண்டை ஆட்டங்களான பிஜிஎம்ஐ ஆகவோ ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆகவோ இருக்கும். அதை ஆடுகிற எல்லாரும் கிளிப் தம்பி ஆகிவிட முடியாது. ஆடி முடித்து, போனை வைத்துவிட்டுத் தூங்குகிறவன் வெறும் விளையாட்டுக்காரன். கிளிப் தம்பிக்கு ஆட்டம் என்பது ஷூட்டிங் மட்டும்தான். எடிட்டிங், டப்பிங், ரிலீஸ் எல்லாம் அதற்குப் பிறகு இருக்கிறது.

அவன் கிளிப் காட்டும் முறைக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. "ப்ரோ, ஒரு நிமிஷம், இதப் பாருங்களேன்" என்று ஆரம்பிப்பான். போனை நம் கையில் தரமாட்டான். திரையை நம் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, அவன் நம் முகத்தைத்தான் பார்ப்பான். "இப்ப வருவான் பாருங்க… இப்ப… இந்தா!" என்பான். நாம் கண் சிமிட்டிவிட்டால் தீர்ந்தது. "மிஸ் பண்ணிட்டீங்களே" என்று முதலிலிருந்து ஓட்டுவான். வீட்டுக்கு வந்த அத்தையும் இதற்குத் தப்ப முடியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் பார்த்துவிட்டு அத்தை கேட்பார்: "எல்லாம் சரி, இதுல நீ யாருப்பா?" பிஜிஎம்ஐயில் நூறு பேர் இறங்கும் எராங்கல் தீவில் ஒரு துப்பாக்கிச் சூட்டுக்கும் கலங்காத தம்பி, இந்த ஒரு கேள்வியில் நிலைகுலைந்துபோவான்.

அவன் வாழ்க்கையில் ஒரு மாறாத விதி இருக்கிறது. ரெக்கார்டிங் ஓடும்போது அற்புதம் நடக்காது. அற்புதம் நடக்கும்போது ரெக்கார்டிங் ஓடாது. ரெக்கார்டரைப் போட்டுவிட்டு இறங்கினால் முதல் நிமிடத்திலேயே எவனோ பின்னாலிருந்து சுட்டுவிடுகிறான். சலித்துப்போய் அணைத்துவிட்டு ஆடினால் அன்றைக்கென்று மலையுச்சியிலிருந்து எட்டு மடங்கு ஸ்கோப்பில் ஓடும் ஜீப்பின் டிரைவரை வீழ்த்துகிறான். பார்த்த சாட்சி யாரும் இல்லை. மறுநாள் வாயால் சொன்னால் நண்பர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "கிளிப் இருக்கா?" இல்லையென்றால் அந்த வீரம் நடக்கவே இல்லை. 

கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்களுக்கு இந்தத் துயரம் 2013 வாக்கிலேயே ஓரளவு தீர்ந்துவிட்டது. அந்த ஆண்டு வந்த என்விடியாவின் ஷேடோபிளே, ஆட்டத்தைப் பின்னணியில் ஓயாமல் பதிந்துகொண்டே பழையதை அழித்துக்கொண்டும் இருக்கும். சாகசம் முடிந்த பிறகு ஒரு பட்டனைத் தட்டினால் கடைசிச் சில நிமிடங்கள் கோப்பாக நிற்கும். அதே ஆண்டில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 4, கைப்பிடியிலேயே 'ஷேர்' என்று தனிப் பட்டன் வைத்து, கடைசிப் பதினைந்து நிமிடத்தைக் கைவசம் வைத்திருந்தது. நடந்து முடிந்ததைப் பிறகு பிடிக்கும் இந்த வசதியைப் பணக்கார நண்பன் வீட்டில் பார்த்துவிட்டு வந்த இரவு, தம்பிக்குச் சோறு இறங்கவில்லை. அவனுடைய போனில் ரெக்கார்டரை முன்கூட்டியே போட்டால்தான் உண்டு. போட்டால் போன் சூடாகும், சூடானால் ஆட்டம் திக்கும், திக்கினால் செத்துப்போவான். வரலாற்றில் இடம்பெற நினைப்பவன் முதலில் உயிரோடு இருக்க வேண்டும் என்கிற சிக்கல் அவனுக்குத் தினமும் உண்டு.

முன்னோர் பட்ட பாடு தெரிந்தால் அவன் கொஞ்சம் ஆறுதல் அடைவான். 1993இல் வந்த டூம் ஆட்டத்தில் படமே பதிவாகாது. ஆடியவர் எந்தெந்த விசையை அழுத்தினார் என்பதை மட்டும் ஒரு சின்னக் கோப்பில் எழுதிவைக்கும். பார்க்க விரும்புகிறவர் தன் கம்ப்யூட்டரில் அதே ஆட்டத்தை வைத்திருந்தால், அது அதே விசைகளை மறுபடி இயக்கிக் காட்டும். 1999இல் வந்த ஃபிராப்ஸ் என்னும் மென்பொருள் படத்தையே பிடித்தது. ஆனால் காசு கொடுக்காதவர்களுக்கு 30 நொடிதான், படத்தின் மேல் அந்த மென்பொருளின் பெயர் முத்திரையும் விழும். எவ்வளவு பெரிய வீரமாக இருந்தாலும் அரை நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.

ஒலி விஷயம் இன்னொரு தனிச் சோகம். 2019இல் ஆண்ட்ராய்டு 10 வரும்வரை, சாதாரண ரெக்கார்டர் செயலிகளால் ஆட்டத்தின் ஒலியை உள்ளுக்குள்ளேயே எடுக்க முடியவில்லை. மைக் வழியாகத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. மைக்குக்குத் துப்பாக்கி எது, குக்கர் எது என்கிற பேதம் கிடையாது. அந்தக் காலத்துக் கிளிப்புகளைத் திறந்தால் எராங்கல் தீவின் போச்சின்கி ஊர் வீடுகளுக்கு நடுவே எம்416 துப்பாக்கி முழங்க, அதற்கு மேலாக ஒரு குரல் கேட்கும்: "எத்தன தடவ சொல்றது, மோட்டார நிறுத்துடா, தண்ணி வழியுது!" சரியாக அந்த நொடியில் தலையில் குண்டு பாயும். தம்பியின் வரலாற்றிலேயே அதிகம் பாராட்டப்பட்ட கிளிப் அதுதான். பாராட்டு முழுக்க அம்மாவுக்கு. "ஆன்ட்டி மாஸ் ப்ரோ" என்று எழுதியிருந்தார்கள்.

போனில் இடமில்லை என்ற அறிவிப்பு வந்தால் எதை அழிப்பது என்பதில் அவனுக்குத் தெளிவு உண்டு. முதலில் அக்கா கல்யாண போட்டோ. அடுத்து செமஸ்டர் நோட்ஸ். பிறகு அப்பா பத்திரமாக வைக்கச் சொன்ன ஆதார் நகல். கிளிப்பில் கை வைக்கமாட்டான். அதில் பாதிக்கு மேல் அவனே இரண்டாம் முறை பார்க்காதது என்பது வேறு விஷயம்.

இனி எடிட்டிங். பதினெட்டு நொடிக் கிளிப் கைன்மாஸ்டருக்குள் போனால் இரண்டு நிமிடமாக வெளியே வரும். முதல் இருபது நொடி அவன் பெயர் தீப்பிடித்து எரியும். ஊர்ப் பெயரோடு 'கேமிங்' சேர்த்தால் சேனல் பெயர். பிறகு அதே சுடுதலை மெதுவாக ஒரு முறை, அதைவிட மெதுவாக இன்னொரு முறை, கறுப்பு வெள்ளையில் கடைசியாக ஒரு முறை. சிவப்பு அம்பு ஒன்று எதிரியைச் சுட்டிக்காட்டும். சிவப்பு வட்டம் ஒன்று அம்பைச் சுட்டிக்காட்டும். தம்ப்நெயிலில் தம்பி வாயைப் பிளந்து நிற்பான். அப்படி ஓர் ஆச்சரியம் அவன் முகத்தில் பரீட்சை முடிவு வந்தபோதுகூடத் தெரிந்ததில்லை. எதிரி யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொடக்க நிலை ஆட்டங்களில் எதிரிகளில் பலர் மனிதர்களே அல்ல. கம்ப்யூட்டரே நடத்தும் 'பாட்' எனப்படும் பொம்மைகள். சுடப்படுவதற்காகவே சுவரைப் பார்த்து நிற்பவை. எடிட்டிங் முடிந்து வரும்போது அவையெல்லாம் 'புரோ பிளேயர்' ஆகியிருக்கும். தம்பி செத்த கிளிப்புகள் வெளியே வருவதில்லை. வந்தால் தலைப்பில் 'ஹேக்கர்' என்று இருக்கும். அவனை நேர்மையாகக் கொன்றவன் இன்னும் பிறக்கவில்லை.

பின்னணிக்கு ஒரு ஹீரோ அறிமுக இசை வைக்காமல் அவனால் இருக்க முடியாது. அதனால் அவனுடைய வீடியோவை முதலில் பார்க்கும் ரசிகர் யூடியூபின் கன்டென்ட் ஐடிதான். 2007 முதல் வேலையில் இருக்கும் அந்த இயந்திரக் காவலர், அத்தை பார்ப்பதற்கு முன்பே பார்த்து, இந்தப் பாட்டு இன்னார் சொத்து, விளம்பர வருமானம் அவருக்கே என்று ஓலை அனுப்பிவிடுவார். இல்லாத வருமானத்துக்குப் பங்காளி வந்துவிட்டதில் தம்பிக்கு ஒரு பெருமை. "காப்பிரைட் வந்துருச்சு ப்ரோ" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான்.

ஏற்றுவது தனிக் கலை. 1080பி, நொடிக்கு 60 பிரேம் என்றால் யூடியூப் பரிந்துரைக்கும் அளவு நொடிக்கு 12 மெகாபிட். நிமிடத்துக்கு 90 எம்பி. தினம் 1.5 ஜிபி பேக் வைத்திருப்பவனால் பதினேழு நிமிட வீடியோவைக்கூட ஏற்ற முடியாது. அன்றைக்கு ஒரு குட் மார்னிங்கூடப் பார்க்காமல் இருந்தாலும் முடியாது. எனவே இரவு பதினொன்றே முக்காலுக்கு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரம் ஓர் உருவம் போனை உயர்த்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் பயப்படாதீர்கள். அன்றைய மீதி டேட்டா வீணாகாமல் பாதியும், பன்னிரண்டு மணிக்குப் பிறக்கும் புது டேட்டாவில் பாதியுமாக அவன் கிளிப்பை ஏற்றிக்கொண்டிருக்கிறான். வாட்ஸாப்பில் சும்மா அனுப்பினால் அது அழுத்திச் சுருக்கிவிடும். எதிரி நாலு புள்ளியாகவும் தம்பி மூன்று புள்ளியாகவும் தெரிவார்கள். "டாக்குமென்டா அனுப்புறேன், அதுலதான் கிளாரிட்டி" என்று பின்னாலேயே வருவான்.

ஷார்ட்ஸ் வந்ததும் இன்னொரு சிக்கல். 2020 ஜூனில் டிக்டாக் தடைசெய்யப்பட்டது; செப்டம்பரில் யூடியூப் தன் குறுவீடியோ வசதியான ஷார்ட்ஸை முதன்முதலில் இந்தியாவில்தான் விட்டது. ஆட்டம் படுக்கைவாட்டில் நடக்கிறது. ஷார்ட்ஸ் நெடுக்காக நிற்கிறது. நடுவில் வெட்டி எடுத்தால் சுடுகிறவன் இருக்கிறான், விழுகிறவன் சட்டகத்துக்கு வெளியே விழுகிறான். பார்ப்பவர்களுக்குத் தம்பி வைக்கோல்போரைச் சுட்டுக்கொண்டிருப்பதாகவே படுகிறது.

அரசாங்கமும் அவனைச் சோதித்ததுண்டு. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் தடைசெய்யப்பட்டது. 2021 ஜூலையில் அது பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் போனது. அதே ஆண்டு ஜூலையில் பிஜிஎம்ஐயும் ஆப் கடைகளிலிருந்து இறக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பி வந்தது. இந்த இடைவெளிகளில் வீட்டில் "இனிமேலாவது படிப்பான்" என்று நம்பினார்கள். தம்பி பழைய கிளிப்புகளைத் தூசி தட்டி, சோக வயலின் சேர்த்து, 'மறக்க முடியாத நாட்கள்' என்று வெளியிட்டுக்கொண்டிருந்தான்.

வருமானம் என்றொரு பேச்சும் வீட்டில் வரும். விளம்பரப் பணத்தில் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு ஓராண்டில் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும். அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் ஒரு கோடி முறை ஓடியிருக்க வேண்டும். தம்பியின் அப்பா காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டார். பதினெட்டு நொடி வீடியோ ஒன்றை எட்டு லட்சம் பேர் முழுசாகப் பார்த்தால்தான் 4,000 மணி நேரம். "நம்ம சொந்தக்காரங்க எத்தன பேருடா இருப்பாங்க?" என்று கேட்டார். அன்றிலிருந்து தம்பி கல்யாண வீடுகளுக்குத் தவறாமல் போகிறான். பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் போனை வாங்கி அவனே சப்ஸ்கிரைப் செய்துகொடுக்கிறான். "பெல்லையும் அழுத்திடுங்க சித்தி" என்கிறான். ஆச்சியின் போனில் சாமி பாட்டுக்கு நடுவே ஹெட்ஷாட் வருவது அப்படித்தான்.

இவ்வளவையும் படித்துவிட்டு அவனை எள்ளி நகையாடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். 2004இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஈவோ என்னும் சண்டை வீடியோ கேம் போட்டியில், ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆட்டத்தின் மூன்றாம் பதிப்பில், ஜப்பானின் டைகோ உமெஹாராவும் அமெரிக்காவின் ஜஸ்டின் வாங்கும் மோதினார்கள். டைகோவுக்கு உயிர் ஒரு நூலிழைதான் மீதி. தடுத்தால்கூடச் சாவு என்ற நிலை. வாங் தன் பெரிய தாக்குதலைத் தொடுத்தார். அதன் பதினைந்து அடிகளையும் அடி விழும் கணத்தில் எதிர்கொண்டு தட்டிவிட்டு, திருப்பியடித்து ஜெயித்தார் டைகோ. அந்தக் காட்சியை உலகம் முழுக்க இன்றும் பார்க்கிறார்கள். அதே போட்டியின் இறுதிச் சுற்றில் டைகோ தோற்றுப்போனார். கோப்பை வேறொருவருக்குப் போனது. யாருக்கு என்று கேட்டால் பெரும்பாலோர் விழிப்பார்கள். கோப்பையைவிடக் கிளிப் அதிக நாள் உயிர்வாழும் என்கிற நம் தம்பியின் நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை.

அந்தக் காட்சியை ஒருமுறை சத்தத்தோடு கேட்டுப் பாருங்கள். அடிக்கு அடி கூட்டம் எழுப்பும் கூச்சல்தான் அதில் பாதி. அது இல்லாவிட்டால் இரண்டு பொம்மைகள் சண்டை போடுகின்றன, அவ்வளவுதான். கிளிப் தம்பியிடம் துப்பாக்கி இருக்கிறது, சிவப்பு அம்பு இருக்கிறது, எரியும் பெயர் இருக்கிறது. அந்தக் கூச்சல் மட்டும் இல்லை. அதைத் தேடித்தான் மொட்டைமாடிக்கும் கல்யாணப் பந்திக்கும் அலைகிறான். முதல் கமென்ட்டாக "வேற லெவல் ப்ரோ" என்று தன்னுடைய இன்னொரு ஐடியிலிருந்து தானே எழுதிக்கொள்கிறான்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளை உங்கள் மூக்குக்கு நேரே ஒரு போன் நீண்டால், கண் சிமிட்டாமல் கடைசிவரை பாருங்கள். எவன் சுட்டான், எவன் விழுந்தான் என்று புரியாவிட்டாலும் பரவாயில்லை, நடுவில் எங்காவது ஓரிடத்தில் "டேய்!" என்று ஒரு சத்தம் போடுங்கள். காசு செலவில்லை, டேட்டாவும் செலவில்லை. பெல் ஐகானை அழுத்துவது மட்டும் அவரவர் தூக்கத்தைப் பொறுத்தது.