மாமியாரைத் தேடிப் போன பேரன்

வாங்க பேராண்டிகளா, திண்ணையில இடமிருக்கு, உக்காருங்க. கொடைக்கு வந்த பிள்ளைக சாமியக் கும்பிட்டு, ரெண்டு வாய் கறிச்சோறு தின்னுட்டு ஊர் போய்ச் சேருவீகன்னு பாத்தா, மூணு நாளா வேப்பமரத்தடியில ஒரே கூச்சல். ஏதோ வரப்புத் தகராறுன்னு நெனச்சேன். காதக் குடுத்துக் கேட்டா, நம்ம இளையராசா போட்டதுல எந்த ஆல்பம் ஒசத்தின்னு சண்டை. வரப்புத் தகராறாச்சும் கோர்ட்டுக்குப் போனா முப்பது வருசத்துல முடிஞ்சிரும்.

எனக்கு அந்த ஆல்பம்ங்கிற வார்த்தையே வெளங்கல. எங்க வீட்டுல அது கல்யாண போட்டோ ஒட்டுன புஸ்தகம்; கரப்பான் பாதியத் தின்னுட்டு மீதிய மருமகளுக்கு விட்டு வச்சிருக்கு. அதைச் சொன்னதும் சிரிச்சீக. வக்கீலுக்குப் படிக்கிறவன் மட்டும் போனைத் தடவிப் பாத்துட்டு, தாத்தா சொல்றதுதான் சரின்னான். பக்கத்துக்கு மூணு நிமிசம் ஓடுற தட்டு காலத்துல, நீளமான சங்கீதம்னா அஞ்சாறு தட்டை உறையில போட்டு, போட்டோ புஸ்தகம் மாதிரியே தச்சு வித்திருக்கான் வெள்ளக்காரன். 1948ல எல்.பி. வந்து எல்லாம் ஒத்தத் தட்டுல அடங்கிருச்சு. பேரு மட்டும் போகல. அப்பச் சிரிச்ச வாயெல்லாம் எங்கலே போச்சு?

நான் நாப்பது வருசம் மைக் செட் போட்டவன். இந்தக் கரிசக்காட்டுல நான் குழாய் கட்டாத வேப்பமரமே கிடையாது. அதனால ஒரு யோசனை சொல்றேன், கேட்டுக்கோங்க. பிடிச்ச ஆல்பம் எதுன்னு நாலு பேரு முன்னாடி எவனாச்சும் கேட்டா, பட்டுனு உண்மையச் சொல்லிராதீக. அன்னக்கிளின்னா, அது 1976லேயே ஆடு மேய்க்கிறவன் வரைக்கும் பாடுன பாட்டு, உனக்கென்ன மதிப்பு? ரோஜான்னா, 1992ல பொறந்த பயன்னு ஒதுக்கிருவான். தொண்டையச் செருமிக்கிட்டு, 'ஹவ் டு நேம் இட்'னு சொல்லு. 1986ல ராசா போட்டது. சினிமாவும் இல்ல, வாய்ப்பாட்டும் இல்ல. தியாகராசருக்கும் பாக்குன்னு ஒரு செருமனிக்காரருக்கும் காணிக்கை. அந்தப் பேருக்கு அர்த்தமே, இதுக்கு எப்படிப் பேரு வைக்கிறதுங்கிறதுதானாம். அதைச் சொன்னா எதிராளி தலையத் தலைய ஆட்டுவான், வாயத் தொறக்க மாட்டான். அவனும் முழுசாக் கேட்டிருக்க மாட்டான்லா.

நான் கேட்டிருக்கேன். ஒரு கல்யாண வீட்டுல கேசட்டு மாறிப் போயி, பந்தி நேரத்துல அதப் போட்டுட்டேன். வயலின் இழைக்குது, ஒரு பய நிமிந்து பாக்கல. பொண்ணோட தாய்மாமன் வந்து, என்னய்யா எழவு வீடு மாதிரி இருக்கு, மாத்துன்னு கத்துனாரு. சமையக்காரரு மட்டும் கரண்டியோட வந்து நின்னு, அண்ணாச்சி, ரசம் கொதிக்கிற வரைக்கும் ஓடட்டும்னாரு. அன்னைக்கு அந்த மண்டபத்துல ரசிகன்னா அவரு ஒருத்தருதான்.

அடுத்த தகராறு கவர் பாட்டு. கவர்னா எனக்குத் தெரிஞ்சது மொய்க் கவரு. ஆனா யோசிச்சுப் பாத்தா ரெண்டும் ஒண்ணுதாம்லே. மேல பளபளன்னு இருக்கும், உள்ள எவ்வளவுன்னு பிரிச்சாத்தான் தெரியும். ஒருத்தன் பாடுன பாட்ட இன்னொருத்தன் பாடுறது என்னமோ உங்க யூடியூபுல பொறந்த மாதிரி பேசுதீக. படம் வந்து நாலு நாளுக்குள்ள அந்தப் பாட்ட நம்ம கொடையில நையாண்டி மேளக்காரன் ஊதிருவான். எழுதி வச்ச சுரமா, ஒண்ணா? டெண்டுக் கொட்டாயில ரெண்டு ஆட்டம் பாத்திருப்பான், அம்புட்டுதான். அவன் ஊதும்போது கரகாட்டக்காரி ஆட்டத்துக்குத் தக்கன பாட்டு நீளும், குறையும், நடுவுல வேற பாட்டுக்குள்ள போயிட்டுத் திரும்பி வரும். நீங்க அதுக்கு மேஷ்அப்னு பேரு வச்சு, ரூமுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டுப் பண்ணுதீக.

கோவில்பட்டியில செலையா நிக்கிறாரே காருகுறிச்சி அருணாசலம், 1962ல கொஞ்சும் சலங்கையில அவரு நாதஸ்வரத்துக்குச் சமமா எஸ். ஜானகி பாடுச்சே, அந்தப் பாட்டத்தான் பொறவு எந்தக் கல்யாணத்துலயும் நாயனக்காரர் வாசிச்சாகணும். ஜானகி பாடுன எடத்தையும் சேத்து அவரே ஊதணும். தம் கட்ட முடியாமக் கண்ணு பிதுங்குனவங்களை நான் பாத்திருக்கேன். ஒருத்தரு கூட 'ஒரிஜினல் மாதிரி இல்ல'ன்னு சொல்லல. சோடா வாங்கிக் குடுத்தோம்.

மெட்ட வச்சுக்கிட்டு வார்த்தைய மாத்துறது பழைய வித்தை. இந்திப் பாட்டு மெட்டுல தமிழை ஏத்தி எங்க காலத்துல எத்தனை படம் ஓடிச்சு! வார்த்தைய வச்சுக்கிட்டு மெட்ட மாத்துறதுதான் அபூர்வம். 1964ல படகோட்டிக்கு வாலி எழுதுன தொட்டால் பூ மலரும் பாட்ட, நாப்பது வருசம் கழிச்சு ரகுமான் நியூ படத்துல வேற மெட்டுல போட்டாரு. ராசா இன்னும் கெட்டிக்காரரு. மலையாளத்துல ஓளங்ஙள் படத்துக்குப் போட்ட மெட்ட, அதே 1982ல இங்க ஆட்டோ ராஜாவுல போட்டு, 2009ல பா படத்துல இந்திக்காரனுக்கும் குடுத்தாரு. தன் பாட்டுக்குத் தானே கவர். சொந்தக்காரனே வேலியத் தாண்டுனா யாரு கேக்க?

வக்கீல் பேரன் சொல்றான், 2012ல திருத்துன சட்டப்படி, ஒரு பாட்டு மொதமொதல்ல பதிவான வருசம் முடிஞ்சு அஞ்சு வருசம் ஆனாத்தான் லைசென்சுக்குப் பணம் கட்டி இன்னொருத்தன் கவர் பதிஞ்சு விக்கலாமாம். சரிதான், பிள்ளை நடக்கப் பழகட்டும், பொறவு ஊரார் தூக்கிக் கொஞ்சலாம். உங்களுக்கு ஒரு யோசனை: எந்தக் கவர் பாட்டக் கேட்டாலும், 'பழைய ஜீவன் இல்ல'ன்னு சொல்லிப் பெருமூச்சு விடுங்க. பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முந்தியே சொல்லிட்டா இன்னும் நல்லது, அஞ்சு நிமிசம் மிச்சம்.

அப்புறம் இந்த வினைல் பைத்தியம். சென்னையில இருக்கிறவன், தாத்தா, தட்டுல கேட்டாத்தான் சுகம்னான். அது பிளாஸ்டிக்குலே. எங்க அப்பாரு வச்சிருந்த பழைய தட்டு அரக்கு. பூச்சி கக்குன பிசின். கீழ விழுந்தா அப்பளம். ஒரு பக்கம் ஓடுனதும் முள்ளை மாத்தணும், கீ குடுக்கணும், திருப்பிப் போடணும். ராத்திரி முச்சூடும் மூணு நிமிசத்துக்கு ஒருக்க இதேதான். கோழித்தூக்கம் தூங்குறவன்தான் மைக் செட் தொழிலுக்கு லாயக்கு. எல்.பி. வந்த பொறவுதான் நான் கண்ண மூடுனேன். அதுலயும் கீறல் விழுந்தா முள்ளு ஒரே எடத்துல சிக்கி, மாப்பிள்ளை வரும்போது 'போ போ போ'ன்னு கத்தும். முள்ளுத் தலையில எட்டணாக் காச வச்சு ஓட்டுவோம். அந்தக் கீறலுக்கும் இப்ப காசு குடுக்கீக போல, நல்லா இருங்க.

பாட்டுத் தேடுறதப் பத்திச் சொல்லவா? எங்க அப்பாரு காலத்துல டெல்லியில கேஸ்கர்னு ஒரு மந்திரி. சினிமாப் பாட்டு சனங்களக் கெடுக்குதுன்னு ரேடியோவுல அதுக்கு எடத்தக் குறைச்சாரு. நாங்க முள்ளத் திருப்பி இலங்கைக்கு வச்சிட்டோம். 1957ல விவித பாரதின்னு டெல்லிக்காரங்களே தொடங்குற வரைக்கும் நம்ம பாட்ட நாம கடல் தாண்டிக் கேட்டோம். அப்புறமும் நேயர் விருப்பத்துக்குக் கார்டு போட்டுட்டுக் காத்துக் கெடப்போம். பாட்டு மூணு நிமிசம், பேர் வாசிக்கிறது நாலு நிமிசம். பேரு வந்துட்டாப் போதும், பாட்ட எவன் கேட்டான்?

கேசட்டு வந்ததும் சீட்டுல பாட்டு எழுதி டவுன் கடையில குடுப்பாக. அறுபது நிமிசக் கேசட்டுல பக்கத்துக்கு ஆறு பாட்டு. கடைக்காரன் ஒரு பாட்டு கூடத் திணிச்சிருவான், சரணத்துல அறுந்துரும். இன்னைக்கும் அந்தப் பாட்டு எங்க கேட்டாலும், அந்த எடம் வந்ததும் எனக்குக் காது தானா அடைச்சுக்கிடும்.

இப்ப முனகுனாப் போனே பாட்டக் கண்டுபிடிச்சிருமாம். நானும் முனகுனேன். முன்பல்லு ரெண்டும் இல்ல, காத்துதான் போகுது. 'மறுபடி முயலவும்'னு சொல்லிருச்சு. எங்க கிழவி அடுப்படியில இருந்தே, 'என்ன, பாசமலரா?'ங்கா. அவதாம்லே நிசமான போனு.

உங்கள்ல கண்ணாடி போட்ட பேரன ஒருத்தனக் காணலயேன்னு பாக்கீகளா? அவன் தேடுறது ஓடுன படப் பாட்டு இல்ல. தளபதியில பதிஞ்சும் படத்துல வராத பாட்டு, அன்பே வாவுல சென்சாருக்காகப் படத்துல மட்டும் ஒரு வார்த்தைய மாத்தி, தட்டுல பழையபடியே விட்ட பாட்டு, இப்படி. மூணு நாளா என் காலச் சுத்துனான்: 'தாத்தா, மணிப்பூர் மாமியார் தட்டு உங்ககிட்ட இருக்கா?' ராசா பாட்டுப் போட்ட படம், வெளிய வரவே இல்ல. மாமியார் வாசப்படி ஏறல, பாட்டு மட்டும் வீட்டுக்குள்ள வந்துருச்சு. அந்த மட்டுக்கும் மருமகளுக்கு நிம்மதி. போனுல இருக்கேலேன்னா, 'தட்டு வேணும், நானே தேடி எடுக்கணும்'ங்கான்.

கழுகுமலையில ஒரு பழைய மைக் செட்டுக்காரர் வீட்டுல பாத்த ஞாபகம்னேன். விடியுமுன்ன பைக்க எடுத்துட்டுப் போயிட்டான்.

சத்தம் போடாதீக. உள்ள பரண்ல, மூணாவது தகரப்பெட்டியில, வேட்டியில சுத்தி வச்சிருக்கேன். சாயங்காலம் அவன் வெறுங்கையோட வந்தா, எட்டயபுரத்துல கேட்டியாலேன்னு நீங்கதான் கேக்கணும்.