புதிய இயங்குதளமும் ஜோசியமும்

கேள்வி: புதிது புதிதாக வெளிவரும் இயங்குதளங்களையெல்லாம் கணினியில் நிறுவிப் பார்க்கும் சபலம் என்னை விட்டபாடில்லை. இவற்றுள் எது நாளைய உலகை ஆளும் என்று ஊகித்துச் சொல்ல இயலுமா?

பதில்: தாராளமாக இயலும், அது பலித்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் மட்டும் கூடாது. கட்டற்ற மென்பொருளுக்காகக் குரல் கொடுத்த ரிச்சர்ட் ஸ்டால்மனின் க்னூ இயக்கத்தார் 1990-இல் தொடங்கிய 'ஹர்ட்' என்னும் கர்னல் (இயங்குதளத்தின் கரு), அமைப்பில் சிலாக்கியமானது என்று பண்டிதர்களால் புகழப்பட்டும் இன்னமும் 1.0 பதிப்பை எட்டாதிருக்க, 1991-இல் ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெறும் பொழுதுபோக்கு என்று அடக்கத்துடன் அறிவித்த லினக்ஸோ, மறு வருஷமே அது காலாவதியான அமைப்பென்று பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் தீர்ப்பளித்ததையும் பொருட்படுத்தாமல் வளர்ந்து, இன்று ஆண்ட்ராய்டு கைபேசிகளின் அந்தராத்மாவாக விளங்குகிறது. ஆகவே ஜோசியத்தை விடுத்துப் பரீட்சையைத் தொடருங்கள். ஆனால் முதலில் மெய்நிகர் கணினியில் நிறுவிப் பாருங்கள். அவ்வாறன்றி, பிரதி எடுத்து வைக்காமல் வன்தட்டையே அழித்து நிறுவத் துணிவீர்களாயின், இயங்குதளத்தின் எதிர்காலம் எவ்வாறிருப்பினும், தங்கள் கோப்புகளின் எதிர்காலத்தைக் கற்றுக்குட்டி ஜோசியரும் பிசகின்றிச் சொல்லிவிடுவார்.