வாசல் காக்கும் டயோடும் அதன் கைநீட்டலும்: ஓர் ஆய்வு

அளவுக் கருவி எதற்கும் வாசல் உண்டு. வாசலுக்குக் காவலாளி வேண்டும். அக்காவலாளியின் நாணயம் பற்றியதே இவ்வாய்வு.

எடுத்துக்கொண்ட பொருள் பி.எச். மீட்டர். எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க 1934இல் ஆர்னால்ட் பெக்மன் கலிஃபோர்னியாவில் செய்த கருவியின் வாரிசு. இதன் கண்ணாடி மின்முனையின் மின்தடை சுமார் 100 மெகா ஓம், ஒரு பி.எச். அலகுக்கு அது தருவது 59 மில்லிவோல்ட்.

இக்கருவியின் வாசலை, அதாவது இன்புட்டை, ஏ.சி. அறையில் பாலியெஸ்டர் சட்டையோடு நாற்காலியை விட்டெழுந்த ஒருவர் விரலால் தொடுகிறார். மனித உடலை 100 பிகோஃபாரட், 1500 ஓம் என்று மதிப்பது பரிசோதகர் மரபு. ஆகவே உடலில் ஏறிய 3000 வோல்ட் நிலைமின்சாரம் 2 ஆம்பாகப் பாயும். தொட்டவருக்கு லேசான சுரீர். வாசலுக்குள் இருக்கும் ஆப்-ஆம்ப் என்ற பெருக்கிக்கு அதுவே காலனாகலாம்.

சப்ளைக்கு ஒன்று, கிரவுண்டுக்கு ஒன்று என இரு டயோடுகளை நிறுத்துக என்பர் ஒரு சாரார். மிகுதியை அவை வெளியே தள்ளும் என்பது மெய்யே. ஆயினும் அது பொருந்தாது. என்னையெனின், வேலையில்லாத நேரத்திலும் டயோடு கைநீட்டும். ஒரே ஒரு நானோஆம்ப் கசிந்தால் போதும்: 100 மெகா ஓமில் அது 100 மில்லிவோல்ட், அதாவது 1.7 பி.எச். குடிதண்ணீரைக் கருவி கறுப்புக் காபி என்று சாதிக்கும். இரு காவலாளிகளும் சமமாகத் திருடினால் கணக்கு நேராகிவிடும் என்பாரும் உளர். சமமாகத் திருடும் இருவரை இவ்வாய்வாளர் இதுகாறும் கண்டிலர்.

இனி ரெசிஸ்டர். இதைக் காவலாளி என்று யாரும் மதிப்பதில்லை, அநியாயம். 100 கிலோ ஓம் ஒன்றை வழியில் தொடராக வைத்தால் அந்த 2 ஆம்ப் 30 மில்லிஆம்பாகச் சுருங்கி, சில பத்து மைக்ரோநொடிகளில் அடங்கும். எஞ்சியதைப் பெரும்பாலான ஆப்-ஆம்ப்கள் தம் உள்டயோடுகளாலேயே செரித்துவிடும். மின்முனையின் தடையோடு ஒப்பிட்டால் இது ஆயிரத்தில் ஒரு பங்கு. அளவீட்டுக்குத் தெரியவே தெரியாது. அதன்பின்னும் டயோடு வேண்டுமென்பார், கசிவு பிகோஆம்பில் நிற்கும் ஜேஃபெட் டிரான்சிஸ்டரின் கேட்டை டயோடாக்கிக்கொள்க.

ஒழிபு: 1என்4148 டயோடின் உடல் கண்ணாடி. வெளிச்சம் பட்டால் கசிவு கூடும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்குவதால், அம்மினுக்கலும் அளவீட்டில் ஏறும். இதே டயோடுதான் வேண்டுமென்று அடம்பிடிப்பார், அதன்மேல் கறுப்புப் பெயிண்ட் பூசுக.